தோசைக்கல்லில் சுட்ட பன்

மும்பையில் தாராவி இருக்கிறது. தாராவியில் 90 அடி சாலை இருக்கிறது. அந்தச் சாலையைச் சுற்றித் தமிழ் மக்கள் நிறையப் பேர் வாழ்கிறார்கள். பல குடும்பங்கள் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவை.

விடிவதற்கு முன்பே அங்கே பல வீடுகளில் அடுப்பு எரியும். இட்லி வேகும். பெரிய பெரிய பாத்திரங்களில் இட்லியை அடுக்குவார்கள். சட்னி, சாம்பார் தனி. சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். பாம், பாம் என்று ஹாரன் அடித்துக்கொண்டு தெருத் தெருவாக விற்பார்கள். மும்பையில் எங்கோ ஒரு மூலையில் ஒருவர் காலையில் இட்லி சாப்பிடுகிறார். அது தாராவியில் அவிந்த இட்லியாக இருக்கலாம்.

இந்தப் பாடம் இட்லியைப் பற்றியது அல்ல. ஆனாலும் இட்லியை மறந்துவிடாதீர்கள். நடுவில் அது நமக்கு உதவிக்கு வரும்.

அதே நேரத்தில் பாவ் விற்பவரும் வருவார். பாவ் என்றால் சின்ன ரொட்டி. மும்பையில் டீ என்றால் பக்கத்தில் பாவ் வேண்டும். இல்லையென்றால் காரி பிஸ்கட், டோஸ்ட் வேண்டும். பிள்ளைகள் டீயில் தோய்த்துத் தோய்த்துச் சாப்பிடுவார்கள்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் அது ஒத்துக்கொள்ளுமா?

இப்படி ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தாராவியில் ஒரு சாலில், ஒரே அறையில் ஒரு குடும்பம். ஆறு வயதில் ஒரு பெண் பிள்ளை. கையும் காலும் குச்சி. வயிறு மட்டும் பானை. அடிக்கடி வயிற்றுப்போக்கு. முகம் வெளுத்திருக்கிறது. இரத்த சோகை என்று இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார்கள். தேறவில்லை. பூச்சி மாத்திரை கொடுத்தார்கள். தேறவில்லை. தம்பி அவளைவிட உயரமாகிவிட்டான்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். குழல் விட்டு வயிற்றுக்குள்ளும் பார்த்தார்கள். பிறகு டாக்டர் ஒன்று சொன்னார். அதைத் தாய் வந்து தன் மதினியிடம் சொல்கிறாள்.

“மதினி, பிள்ளைக்குக் கோதுமை குடுக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு.”

“அவ்வளவுதானே? சப்பாத்தியை நிறுத்திட்டாப் போச்சு. ரவை உப்புமா கிண்டிக் குடு.”

“ரவையும் கோதுமைதானாம் மதினி.”

“அப்போ சேமியா?”

“அதுவும்தான்.”

“பாவ் மைதால்லா? அது குடுக்கலாமே?”

“மைதாவும் கோதுமைதான் மதினி. உமியையும் தவிட்டையும் எடுத்துட்டு அரைச்சா மைதா.”

மதினி வாயைப் பொத்திக்கொண்டாள். “அப்போ பிள்ளைக்கு என்னட்டி குடுக்கப் போற? பாலும் பிஸ்கட்டுமா?”

“பிஸ்கட்டும் மைதாதான். பாலும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம்னு சொல்லியிருக்காரு.”

மதினி கேட்ட கேள்வி நல்ல கேள்வி. நாமும் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

வயிற்றுக்குள் என்ன நடக்கிறது?

நம் சிறுகுடலின் உள்பக்கம் வழவழப்பானது அல்ல. டர்க்கி டவலைத் தொட்டுப் பாருங்கள். சின்னச் சின்ன நூல்கள் எழும்பி நிற்கும். குடலின் உள்ளேயும் அப்படித்தான் இருக்கும். அந்த நூல் போன்ற சதைகள்தான் சாப்பாட்டின் சத்தை உறிஞ்சி இரத்தத்தில் சேர்க்கின்றன.

கோதுமையில் ஒரு பசை இருக்கிறது. அதன் பெயர் குளூட்டன். பெரும்பாலான மக்களுக்கு அது ஒன்றும் செய்யாது. சிலருடைய உடம்பு மட்டும் அந்தப் பசையை எதிரியாக நினைக்கிறது. அதோடு சண்டை போடுகிறது. சண்டையில் அடி வாங்குவது குடல்தான். டவலின் நூல் எல்லாம் தேய்ந்து, பழைய துணி போல் ஆகிவிடுகிறது. பிறகு எவ்வளவு சாப்பிட்டாலும் சத்து ஒட்டாது. இதற்குச் சீலியாக் நோய் என்று பெயர்.

இது ஒட்டுவாரொட்டி நோய் அல்ல. ஒரே தட்டில் சாப்பிட்டால் மற்றவருக்கு வராது. ஆனால் குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் உடன்பிறந்தவருக்கும் இருக்கக்கூடும். வட இந்தியாவில் இது அதிகமாகக் காணப்படுகிறது. அங்கே கோதுமைதான் முக்கியச் சாப்பாடு. அரிசி சாப்பிடும் தென்னாட்டில் குறைவாகவே காணப்படுகிறது. நம் ஊரிலிருந்து மும்பைக்கு வந்தவர்கள் காலையில் பாவும் இரவில் சப்பாத்தியும் சாப்பிடப் பழகிவிட்டார்கள். ரேஷனிலும் கோதுமை வருகிறது.

இந்த நோயை அடியோடு போக்கும் மருந்து இன்றுவரை இல்லை. கோதுமையை விட்டுவிட வேண்டும். பார்லியையும் விட வேண்டும். அதிலும் அதே போன்ற பசை இருக்கிறது. வாழ்நாள் முழுவதும் விட வேண்டும். விட்டால், குடலில் நூல் மறுபடியும் முளைக்கும். பிள்ளை தேறும், வளரும். சாப்பாடுதான் மருந்து.

ஒன்றை மட்டும் நன்றாகக் கவனியுங்கள். இதைப் படித்துவிட்டு, பிள்ளைக்கு வயிறு சரியில்லை என்று நீங்களாகக் கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். கோதுமையை நிறுத்திய பிறகு இரத்தப் பரிசோதனை செய்தால் நோய் தெரியாமல் போய்விடும். முதலில் பரிசோதனை. பிறகுதான் பத்தியம். தாராவிக்குப் பக்கத்திலேயே சயானில் நகராட்சியின் பெரிய மருத்துவமனை இருக்கிறது. லோகமான்ய திலக் பெயரில் உள்ளது. அது போன்ற இடத்தில் குழந்தை டாக்டரைப் பார்த்துக் கேளுங்கள்.

ரொட்டி இல்லாத குளிர்காலம்

கோதுமைதான் காரணம் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? அது ஒரு போர்க்காலத்துக் கதை.

ஹாலந்து நாட்டில் டிக்கே என்ற குழந்தை டாக்டர் இருந்தார். அவரிடம் வயிறு உப்பி, உடல் மெலிந்த பிள்ளைகள் வந்தார்கள். ரொட்டிதான் இவர்களுக்கு ஆகவில்லையோ என்று அவருக்கு முன்பே ஒரு சந்தேகம் இருந்தது.

அப்போது இரண்டாம் உலகப் போர் நடந்தது. 1944ஆம் ஆண்டு முடிந்து 1945 பிறந்த குளிர்காலம். ஹாலந்தில் கடும் பஞ்சம். ரொட்டி கிடைக்கவில்லை. மக்கள் பூச்செடியின் கிழங்கைக்கூடத் தோண்டி அவித்துத் தின்றார்கள். ஆயிரக்கணக்கானோர் பசியால் இறந்தார்கள்.

அந்த நேரத்தில் டிக்கே ஓர் அதிசயத்தைப் பார்த்தார். ஊரே மெலிந்துகொண்டிருந்தது. இந்த நோய் உள்ள பிள்ளைகளுக்கு மட்டும் வயிறு சரியானது! பஞ்சம் தீர்ந்து ரொட்டி வந்தது. எல்லோரும் மகிழ்ந்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு மறுபடியும் வயிற்றுப்போக்கு வந்தது. டிக்கே விடவில்லை. ஒவ்வொரு தானியமாகக் கொடுத்துப் பார்த்தார். 1950இல் தன் ஆராய்ச்சியை வெளியிட்டார். கோதுமையை நிறுத்தினால் பிள்ளை பிழைக்கும் என்று உலகத்துக்குத் தெரிந்தது.

அதே போரின்போது நம் நாட்டில் நடந்தது வேறு. பர்மாவை ஜப்பான் பிடித்துக்கொண்டது. பர்மா அரிசி வருவது நின்றது. அரிசிக்குத் தட்டுப்பாடு. பெங்களூரில் மாவள்ளி டிபன் ரூம்ஸ் என்ற ஓட்டல்காரர்கள் அப்போது ரவையில் இட்லி செய்தார்கள். ரவா இட்லி பிறந்த கதையாக அவர்கள் சொல்வது இது. அங்கே ரொட்டி இல்லை. இங்கே அரிசி இல்லை. அங்கே சில பிள்ளைகள் பிழைத்தார்கள். இங்கே இட்லிக்குள் கோதுமை புகுந்தது. இட்லி என்று பெயர் இருந்தாலும் நம் பிள்ளைக்கு ரவா இட்லி ஆகாது. ரவா தோசையும் ஆகாது.

பசையைக் கண்ணால் பார்க்கலாம்

ஒரு பிடி மைதாவைத் தண்ணீர் விட்டுப் பிசையுங்கள். அரை மணி நேரம் மூடி வையுங்கள். பிறகு ஒரு கிண்ணம் தண்ணீருக்குள் வைத்து மெதுவாகக் கசக்குங்கள். தண்ணீர் பால் போல் வெளுக்கும். அது மாவுச் சத்து. தண்ணீரை மாற்றி மாற்றிக் கசக்குங்கள். கடைசியில் கையில் ரப்பர் போல ஒன்று மிஞ்சும். இழுத்தால் நீளும். அதுதான் குளூட்டன்.

(இதை நோய் உள்ள பிள்ளை செய்ய வேண்டாம். நீங்கள் செய்து பாருங்கள். கையை நன்றாகக் கழுவிவிடுங்கள்.)

இந்த ரப்பர்தான் ரொட்டியை உப்ப வைக்கிறது. மாவு புளிக்கும்போது காற்று உண்டாகும். ரப்பர் வலை அந்தக் காற்றை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும். பலூன் போல மாவு எழும்பும். அரிசி மாவிலும் கேழ்வரகு மாவிலும் இந்த வலை இல்லை. அதனால்தான் அவற்றில் ரொட்டி செய்தால் உதிர்ந்துபோகிறது.

இப்போது இட்லியைக் கூப்பிடுவோம். இட்லியில் கோதுமை இல்லை. ஆனாலும் பஞ்சு போல உப்புகிறதே, எப்படி? உளுந்து இருக்கிறதே! உளுந்தை ஆட்டும்போது கொழகொழவென்று வரும் அல்லவா? அந்தக் கொழகொழப்புதான் காற்றைப் பிடித்து வைக்கிறது. ஆக, கோதுமைப் பசை இல்லாவிட்டால் வேறு ஒரு பசை வேண்டும். இதை நம் பாட்டிமார் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள்.

பால் ஏன் வேண்டாம்?

பாலில் ஒரு வகைச் சர்க்கரை இருக்கிறது. அதைச் செரிக்கும் சாறு குடலின் அந்த நூல்களில்தான் சுரக்கிறது. நூல் தேய்ந்தால் சாறும் குறையும். அப்போது பால் குடித்தால் வயிறு பொருமும். அதனால்தான் சில பிள்ளைகளுக்கு டாக்டர் கொஞ்ச காலம் பாலை நிறுத்தச் சொல்கிறார். குடல் தேறியதும் பலருக்குப் பால் மறுபடியும் ஒத்துக்கொள்ளும்.

சிலருக்குப் பாலே ஒவ்வாமை. அது வேறு. அவர்களுக்கு ஒரு சொட்டுப் பாலிலும் தடிப்பு, மூச்சுத் திணறல் வரலாம். தயிரும் வெண்ணெயும் நெய்யும் ஆகாது. எது உங்கள் பிள்ளைக்கு என்று டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலை மட்டும் நீங்களாக நிறுத்தவே கூடாது.

பால் இல்லாவிட்டால் எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து எங்கிருந்து வரும்? கேழ்வரகில் இருக்கிறது. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச் சத்து உண்டு. அதே அளவு பசும்பாலில் 120தான். எள்ளிலும் முருங்கைக்கீரையிலும்கூட உண்டு. மும்பைக் கடையில் கேழ்வரகு என்றால் தெரியாது. ‘நாச்சணி’ என்று கேளுங்கள்.

அடுப்பு போதும், அவன் வேண்டாம்

சோறு, இட்லி, புட்டு, இடியாப்பம், ஆப்பம் எல்லாம் பிள்ளைக்குக் கொடுக்கலாம். அது சரி. ஆனால் தம்பி டீயில் பாவ் தோய்த்துத் தின்னும்போது அவள் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமா? பிள்ளைக்குப் பத்தியம் என்றால் பசி மட்டும் துன்பம் அல்ல. தனியாகிப் போவதும் துன்பம்தான். மனம் தாங்காமல் திருட்டுத்தனமாக ஒரு துண்டு தின்பாள். அதோடு வயிறு கெடும்.

அவளுக்கும் ஒரு பன் செய்துகொடுக்கலாம்.

இங்கிலாந்துக்காரர்கள் மாலையில் டீயோடு ஸ்கோன் என்று ஒரு பலகாரம் சாப்பிடுவார்கள். பன்னுக்கும் பிஸ்கட்டுக்கும் நடுவில் இருக்கும். மைதா, வெண்ணெய், பால் சேர்த்து, அவன் என்னும் சூட்டடுப்பில் வேகவைப்பார்கள். நம்மிடம் அவன் இல்லை. மைதாவும் பாலும் சேர்க்கக் கூடாது. பிறகு என்ன ஸ்கோன் என்று நினைக்கிறீர்களா?

ஸ்கோன் பிறந்த இடம் ஸ்காட்லாந்து. அங்கே பழைய காலத்தில் ஏழை வீடுகளில் அவன் கிடையாது. கனமான இரும்புத் தட்டை நெருப்பின் மேல் வைத்து அதில்தான் சுட்டார்கள். வட்டமாகத் தட்டி, நான்காக வெட்டிச் சுடுவார்கள். அந்த இரும்புத் தட்டு வேறு ஒன்றும் இல்லை. நம் தோசைக்கல்தான்!

இன்னொரு செய்தி. பன்னை உப்ப வைக்கும் பேக்கிங் பவுடரை எடுத்துக்கொள்ளுங்கள். 1843இல் இங்கிலாந்தில் ஆல்ஃபிரட் பேர்ட் என்பவர் ஒரு பேக்கிங் பவுடர் செய்தார். எதற்காக? அவருடைய மனைவிக்கு ஈஸ்ட் ஒத்துக்கொள்ளவில்லை. அவளும் ரொட்டி சாப்பிட வேண்டும் என்று செய்தார். நமக்கு அந்தப் பவுடரும் வேண்டாம். சமையல் சோடாவும் எலுமிச்சம்பழமும் போதும். இரண்டும் சேர்ந்தால் பொங்கும். அந்தப் பொங்கல்தான் காற்று.

காற்றைப் பிடித்து வைக்கப் பசை? மருந்துக் கடைக்குப் போங்கள். இசப்கோல் உமி என்று கேளுங்கள். மலச்சிக்கலுக்குத் தண்ணீரில் கலந்து குடிப்பார்களே, அதுதான். குஜராத்திலும் ராஜஸ்தானிலும் விளைகிற ஒரு செடியின் விதை உமி. தண்ணீர் பட்டால் கொழகொழவென்று ஆகும். உளுந்து செய்யும் வேலையை இது செய்யும். வாசனையும் இனிப்பும் சேர்க்காத வெறும் உமியாகப் பார்த்து வாங்குங்கள்.

இனிச் செய்யலாம். 200 மில்லி பிடிக்கும் டம்ளர் ஒன்றை அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இடியாப்பத்துக்குப் போல வறுத்துச் சலித்த அரிசி மாவு 1 டம்ளர். கேழ்வரகு மாவு அரை டம்ளர். ஜவ்வரிசியை லேசாக வறுத்து மிக்சியில் பொடித்தது கால் டம்ளர். ஜவ்வரிசி மரவள்ளிக் கிழங்கில் செய்வது, கோதுமை இல்லை. இவற்றோடு அரைத் தேக்கரண்டி சமையல் சோடா, ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து இரண்டு முறை சலியுங்கள். சோடா ஒரே இடத்தில் தங்கினால் அந்த இடம் கசக்கும்.

தேங்காய் எண்ணெய் 3 மேசைக்கரண்டி எடுத்து மாவில் விடுங்கள். விரல் நுனியால் பிசிறுங்கள். புட்டு மாவு போல உதிரியாக வர வேண்டும்.

அரை மூடித் தேங்காயைத் துருவிக் கெட்டியாகப் பால் எடுங்கள். முக்கால் டம்ளர் பால் வேண்டும். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் நல்ல தேங்காய் கிடைக்கும். அதில் பொடித்த வெல்லம் 3 மேசைக்கரண்டி கரைத்து வடிகட்டுங்கள். இசப்கோல் உமி 1 மேசைக்கரண்டி தூவிக் கலக்கி, பத்து நிமிடம் வையுங்கள். கூழ் போல் இறுகும்.

இதற்குள் தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றிச் சிறு தீயில் வையுங்கள். கனமான கல்லாக இருக்க வேண்டும். மெல்லிய கல் என்றால் அடி கருகும், நடு வேகாது.

இசப்கோல் கூழை மாவில் ஊற்றிப் பிசையுங்கள். கடைசியில் ஒரு எலுமிச்சம்பழத்தின் சாற்றைப் பிழிந்து சட்டென்று கலந்துவிடுங்கள். இதற்கு மேல் நேரம் கடத்தக் கூடாது. காற்று போய்விடும். மாவு சப்பாத்தி மாவைவிட இளக்கமாக, கையில் லேசாக ஒட்டும் பதத்தில் இருக்க வேண்டும். வெடித்தால் ஒரு கரண்டித் தண்ணீர் தெளியுங்கள். இரண்டு உருண்டையாக்குங்கள். வாழை இலையில் வைத்து, அரை அங்குலக் கனத்தில் வட்டமாகத் தட்டுங்கள். அதைவிடக் கனமாகத் தட்டாதீர்கள். ஒவ்வொன்றையும் நான்காக வெட்டுங்கள். எட்டுத் துண்டுகள் ஆயிற்று.

கல்லில் எண்ணெய் தடவித் துண்டுகளைப் போட்டு மூடுங்கள். தீ சிறிதாகவே இருக்கட்டும். ஒரு பக்கம் எட்டு முதல் பத்து நிமிடம். திருப்பிப் போட்டு இன்னும் அவ்வளவு நேரம். ஈர்க்குச்சியால் குத்திப் பாருங்கள். மாவு ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது.

சூடாக உடனே பிட்டுப் பார்த்தால் உள்ளே பிசுபிசுப்பாக இருக்கும். வேகவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். கால் மணி நேரம் ஆறினால் இறுகிவிடும். கேழ்வரகால் நிறம் கறுப்பாகத்தான் இருக்கும். பாவ் போல வெள்ளையாக, மெத்தென்று வரும் என்று பிள்ளையிடம் ஆசை காட்டாதீர்கள். மேலே மொறுமொறுப்பாகவும் உள்ளே மிருதுவாகவும் இருக்கும். டீக்கடை நான்கட்டாயும் கேக்கும் கலந்தது போல. பால் சேர்க்காத இஞ்சிக் கஷாயத்தில் தோய்த்தால் நன்றாக இருக்கும். தேங்காய்ப்பால் சேர்வதால் அன்றைக்கே தின்றுவிட வேண்டும். மும்பைப் புழுக்கத்தில் மறுநாள் தாங்காது.

பக்கத்து வீட்டு மௌசி

நாம் நினைத்துக்கொண்ட வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மராட்டிக்கார மௌசி இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். மௌசி என்றால் சித்தி, பெரியம்மா. அவள் தினமும் பாக்ரி சுடுகிறாள். சோளத்தை ஜ்வாரி என்பாள். கம்பைப் பாஜ்ரி என்பாள். இரண்டிலும் கோதுமைப் பசை இல்லை. மாவில் சுடுதண்ணீர் விட்டுப் பிசைவாள். சூட்டில் மாவு கொஞ்சம் வெந்து ஒட்டிக்கொள்ளும். கையாலேயே தட்டித் தட்டி வட்டமாக்குவாள். பிள்ளைக்கு தினமும் கொடுக்க இதைவிட எளிய ரொட்டி இல்லை. மௌசியிடம் கற்றுக்கொள்ளலாம். பன் வாரத்துக்கு ஒரு நாள் போதும்.

ஆனால் ஓர் ஆபத்து இருக்கிறது. மாவு அரைக்கும் சக்கியில் முதலில் கோதுமை அரைத்திருப்பார்கள். அடுத்து உங்கள் கேழ்வரகைப் போடுவார்கள். கல்லில் ஒட்டியிருந்த கோதுமை மாவு அதில் கலந்துவிடும். ‘கொஞ்சம்தானே’ என்று விட முடியாது. குளூட்டன் இல்லாத உணவு என்று நம் நாட்டில் ஒரு பொருளை விற்க வேண்டுமானால், ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. 20 மில்லிகிராம் என்றால் எவ்வளவு? ஏறக்குறைய ஒரு அரிசி மணியின் எடை. ஒரு கிலோ மாவில் ஒரு அரிசி எடை!

ஆகவே தானியத்தைக் கழுவி, காயவைத்து, வீட்டு மிக்சியிலேயே அரைத்துச் சலியுங்கள். சல்லடை தனியாக இருக்கட்டும். சப்பாத்திப் பலகையில் இந்த மாவைத் தொடவே கூடாது. மரத்துக்குள் மாவு தங்கும். முடிந்தால் தோசைக்கல்லும் தனியாக வாங்குங்கள். ஒரே அறைக் குடித்தனத்தில் எல்லாமே இரண்டு இரண்டு என்றால் கஷ்டம்தான். இட நெருக்கடியைவிடப் பெரிய கஷ்டம் இதைப் புகுந்த வீட்டாருக்கு விளக்குவது. அவர்களுக்கு இந்தப் பாடத்தை வாசித்துக் காட்டுங்கள்.

பெயர் மாறி வரும் கோதுமை

கோதுமை பல பெயரில் வரும். ஆட்டா, மைதா, சூஜி, ரவை, சேமியா, தலியா எல்லாம் கோதுமைதான். இந்தியில் கேஹூன், மராட்டியில் கஹு. மால்ட் என்றால் பெரும்பாலும் பார்லி. சத்து மாவுப் பானங்களில் அது இருக்கும். சீன உணவுக் கடையின் சோயா சாஸிலும் கோதுமை இருக்கலாம்.

நம் வீட்டிலேயே ஒரு திருடன் ஒளிந்திருக்கிறான். பெருங்காயத் தூள்! டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். பல தூள்களில் கோந்தும் கோதுமை மாவும் கலந்திருக்கும். சாம்பாரில் ஒரு சிட்டிகை போட்டால் இட்லிச் சாப்பாடும் கெட்டது. கோதுமை கலக்காத பெருங்காயமும் விற்கிறார்கள், பார்த்து வாங்குங்கள். கிடைக்கவில்லையா? பெருங்காயம் இல்லாமலே சமையுங்கள்.

பூஜை வீட்டில் பிரசாதமாக ஷீரா கொடுப்பார்கள். அது ரவை, பால், நெய். பிரசாதத்தை வேண்டாம் என்பது எப்படி என்று தயங்காதீர்கள். கண்ணில் ஒற்றிக்கொண்டு மற்றவருக்குக் கொடுத்துவிடலாம். கிறிஸ்தவக் கோயிலில் தரும் நற்கருணை அப்பமும் கோதுமையே. பங்குத் தந்தையிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருந்தால் சைவம் என்று பொருள். பால் இல்லை என்று பொருள் அல்ல. நம் சட்டத்தில் பாலும் சைவம்தான். பச்சைப் புள்ளியைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று பாக்கெட்டின் பின்பக்கம் சிறு எழுத்தில் இருக்கும். 2020ஆம் ஆண்டு வந்த லேபிள் விதிப்படி, கோதுமையோ பாலோ இருந்தால் அதைத் தனியாகவும் குறிப்பிட வேண்டும். பெரும்பாலும் அது ஆங்கிலத்தில் இருக்கும். ‘வீட்’, ‘பார்லி’, ‘மில்க்’ என்ற மூன்று சொற்களைப் பள்ளிக்குப் போகும் பிள்ளையிடம் ஆங்கில எழுத்தில் எழுதி வாங்குங்கள். அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கடையில் பாக்கெட்டையும் தாளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

பயிற்சி

1. கீழே மூன்று பாக்கெட்டுகளில் உள்ளதைப் படியுங்கள். கோதுமையும் பாலும் ஆகாத பிள்ளைக்கு எதைக் கொடுக்கலாம்?

பாக்கெட் அ: அரிசி மாவு, உளுத்தம் மாவு, எள், எண்ணெய், உப்பு, கூட்டுப் பெருங்காயம்.

பாக்கெட் ஆ: வேர்க்கடலை, வெல்லம்.

பாக்கெட் இ: சோள மாவு, சர்க்கரை, பால் பொடி. (பச்சைப் புள்ளி உண்டு.)

2. பாக்கெட் ‘அ’வை வாங்குவதற்கு முன் கடைக்காரரிடம் என்ன கேட்பீர்கள்?

3. அந்தப் பெண் பிள்ளை பள்ளிக்குப் போகிறாள். அவளுடைய டீச்சருக்கு அவள் தாய் ஒரு கடிதம் எழுத வேண்டும். என்னென்ன கொடுக்கக் கூடாது, பிறந்தநாளுக்கு யாராவது கேக் கொண்டுவந்தால் என்ன செய்வது என்று சொல்ல வேண்டும். அந்தக் கடிதத்தை ஐந்து வரிகளில் நீங்கள் எழுதுங்கள்.